கடைசிக் கிளிக்

கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்ற கதை இல்லை இது.

கருக்குமலையில பாதி ஏறினா ஒரு சுனை வரும். சுனைக்குப் பக்கத்துல ஒரு சாமி இருந்தார். தாடி, ஜடை எல்லாம் கிடையாது. ஒரு வேட்டி, தோள்ல ஒரு துண்டு. நாற்பது வயசுதான் இருக்கும்.

மலை ஏறுறவங்களுக்கு அங்கே கொட்டகை போட்டுக் கஞ்சி ஊத்துவாங்க. காய்ச்சுறது முத்தழகி, அடிவாரத்து ஊர்க்காரி. பேச மாட்டாள். கஞ்சிதான் பேசும்.

ஒரு சித்திரை வெயில்ல, சாமியைவிடப் பத்து வயசு மூத்த ஒருத்தன் ஏறி வந்தான். பேரு தணிகைவேல். வந்தவன் பாறையில அப்படியே சாய்ஞ்சுட்டான்.

"சாமி, ஆளைக் கூட்டிக்கிட்டு வர்றது நான். பேரைத் தட்டிக்கிட்டுப் போறது இன்னொருத்தன். தாங்க முடியலை."

"என்ன தொழில்?"

"அஃபிலியேட் மார்க்கெட்டிங்."

"எனக்குப் புரியற மாதிரி அழு."

"இணையத்துல எழுதறேன் சாமி. எந்தக் குக்கர் நல்லது, எந்த மிக்ஸி மட்டம்னு."

"கடை வச்சிருக்கியா?"

"இல்லை."

"சரக்கு?"

"அதுவும் இல்லை. வழி மட்டும் காட்டுவேன்."

"அப்ப நீயும் நானும் ஒரே தொழில்" என்றார் சாமி. "மேல சொல்லு."

"எழுதினதுக்குக் கீழே ஒரு லிங்க் வைப்பேன். அதைத் தொட்டா கிளிக். தொட்டவங்க கடையில போய் வாங்கிட்டா அதுக்குப் பேரு கன்வர்ஷன். வாங்கினா எனக்குக் கமிஷன்."

"நீ அனுப்பின ஆளுன்னு கடைக்காரனுக்கு எப்படித் தெரியும்?"

"குக்கின்னு ஒண்ணு இருக்கு. காலடித்தடம்னு வச்சுக்குங்க. என் வழியா வந்தவங்கன்னு அவங்க போன்ல பதிஞ்சு இருக்கும்."

"எம்புட்டு நாளைக்கு?"

"கடைக்குக் கடை மாறும். ஒரு மாசம் வச்சிருக்கறவன் இருக்கான். ஒரே நாள்ல அழிக்கறவனும் இருக்கான். அழிஞ்சப்புறம் வாங்கினா, நான் யாரோ."

சாமி தலையை ஆட்டினார்.

"இப்ப அழுகை எதுக்கு?"

"லாஸ்ட் கிளிக் சாமி. ஒரு அம்மா நான் எழுதினதை வாரக்கணக்கா படிக்கும். யோசிக்கும். இந்தக் குக்கர்தான்னு முடிவு பண்ணும். பணம் கட்டப் போற நேரத்துல எவனோ வந்து தள்ளுபடிக் கூப்பன்னு ஒரு லிங்க்கை நீட்டுவான். அந்தம்மா அதைத் தொட்டுட்டா போச்சு. கடைசியா யாரோடதைத் தொட்டாங்களோ அவன்தான் கூட்டிக்கிட்டு வந்தவன். ஆதியிலேர்ந்து எடுத்துச் சொன்னவன் அனாதை."

"அநியாயம்தான்" என்றார் சாமி. "நீ நல்லா சமைப்பியோ?"

"சுடுதண்ணி வைப்பேன்."

"பின்னே குக்கரோட குணம் எப்படித் தெரியும்?"

"வேதா சொல்லுவா. என் சம்சாரம். வர்ற குக்கர்ல எல்லாம் அவதான் சமைப்பா. இதுல பருப்பு அடி பிடிக்குது, இந்த மூடி மழைக்காலம் தாங்காதுன்னு அவ பாட்டுக்குப் பேசுவா. நான் வாசப்படியில உட்கார்ந்து எழுதிக்குவேன்."

"இப்பவும் சொல்றாங்களா?"

தணிகைவேல் பாறையைச் சுரண்டினான்.

"அவ அரக்கோணத்துல இருக்கா. அவ அண்ணன் வீட்ல. பொங்கலுக்கு முன்னாடி போனவ. போனை எடுக்கறதில்லை. எனக்கு எழுத வரலை. படிக்க ஒரு ஆள் வரலை. வீட்ல புதுக் குக்கர் எல்லாம் பெட்டி பிரிக்காம கிடக்கு. தண்டவாளத்தைப் பார்த்தா கால் அங்கேயே நிக்குது சாமி."

சாமி அவன் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஏன் போனாங்க?"

"அதுதான் தெரியலை. விருது குடுக்கறாங்கன்னு கூட்டிக்கிட்டுப் போனேன். பட்டுப்புடவை கட்டிக்கிட்டு முன்வரிசையில உட்கார்ந்திருந்தா. எனக்கு மேடையில மாலை போட்டாங்க. ஒரு ஆம்பளைக்கு அடுப்படியைப் பத்தி இவ்வளவு நுணுக்கம் எப்படின்னு மைக்கை நீட்டினாங்க. எல்லாம் சொந்த அனுபவம்னேன். நிமிர்ந்து பார்த்தா அவ எழுந்து போய்க்கிட்டிருந்தா. முதுகுதான் தெரிஞ்சது. மறுநாள் கிளம்பிட்டா. உடம்பு சரியில்லையோ என்னவோ."

"இருக்கும்" என்றார் சாமி.

"எனக்கு ஒரு வழி சொல்லுங்க. போன பேரை எப்படித் திரும்ப வாங்கறது?"

"முதல்ல கஞ்சி குடி."

அந்த நேரம் மஞ்சத்துணி கட்டின கூட்டம் ஒண்ணு மூச்சு வாங்க வந்து சேர்ந்தது. முத்தழகி சுனையில அண்டா கழுவிக்கிட்டிருந்தவள், முழங்கால் வரைக்கும் ஈரத்தோட ஏறி வந்தாள். ஆளுக்கு ஒரு சட்டி ஊத்தினாள். ஊத்திட்டு, கரண்டியோட ஒதுங்கி நின்னாள்.

கூட்டத்துல ஒரு தொப்பைக்காரர் சட்டியை வழிச்சு நக்கினார்.

"யோவ், சுக்கு தட்டிப் போட்டிருக்குய்யா. ஏறின களைப்பே தெரியலை. யார் கைப்பக்குவம் சாமி இது?"

சாமி விரலை நீட்டினார். தணிகைவேலைப் பார்த்து.

கூட்டம் மொத்தமும் எழுந்து அவனைக் கும்பிட்டது.

"நல்லா இருப்பீங்க அண்ணே" என்றார் தொப்பைக்காரர். "உங்க வீட்டுக்காரம்மா குடுத்து வச்சவங்க."

தணிகைவேல் கையும் தானா குவிஞ்சது.

"ஏதோ, நம்மால ஆனது" என்றான்.

பழகின வாய். கேட்காமலே வந்துடுச்சு.

பின்னால, பாறையில கரண்டியை வைக்கிற சத்தம் கேட்டது. வீசலை. மெதுவாத்தான் வச்சாள்.

திரும்பினான்.

முத்தழகி கொட்டகையைப் பார்த்துப் போய்க்கிட்டிருந்தாள். முதுகுதான் தெரிஞ்சது.

குவிஞ்ச கை குவிஞ்சபடியே நின்னுபோச்சு அவனுக்கு. கூட்டம் கும்பிட்டுட்டு மேல ஏறினது அவன் காதுல விழலை.

"சாமி."

"ம்."

"நான்தான் அந்தக் கூப்பன்காரன்."

சாமி சட்டியில மிச்சம் இருந்ததைக் குடிச்சார்.

"சீக்கிரம் குடிச்சிடு. இனிமே எனக்கே இங்க கஞ்சி கிடைக்குமோ என்னவோ. அவகிட்ட நானும் விழுந்து எழுந்திரிக்கணும்."

தணிகைவேல் போனை எடுத்தான். வேதா நம்பரைப் போட்டான். மணி அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சது. மறுபடி போட்டான். மறுபடியும் அதேதான்.

"எடுக்க மாட்டா. இத்தனை மாசம் ஆச்சு. நான் அவளுக்கு யாரோ. எல்லாம் அழிஞ்சிருக்கும் சாமி."

சாமி பாறையையே பார்த்துக்கிட்டிருந்தார்.

முத்தழகியோட காலடித்தடம் பாறையில ஈரமா கிடந்தது. வெயில் அதை நக்கிக்கிட்டிருந்தது. கொட்டகைப் பக்கம் இருந்ததெல்லாம் போயிடுச்சு. நடுவுல இருந்ததும் போயிடுச்சு. கரண்டிக்குப் பக்கத்துல ஒண்ணே ஒண்ணு மிச்சம். அதுலயும் விரல் காஞ்சு, குதிகால் மட்டும் இருந்தது.

சாமி எழுந்தார். தோள்ல கிடந்த துண்டை உதறினார். அந்தக் குதிகால் பக்கத்துல குந்தி, ரெண்டு கையாலும் துண்டை விரிச்சு, அதுக்கு நிழல் பிடிச்சார்.