போர்வைக்குள்ள மாவுப் பானை

ஆமா, உன் போர்வையத்தான் எடுத்து மாவுப் பானைக்குச் சுத்தியிருக்கேன். மூஞ்சியத் தூக்காத மருமவளே, அத்தை போர்வைக்குள்ள வா. பானைக்குக் குளிருமான்னா கேக்குற? குளிரும். கதையக் கேளு, ம் கொட்டணும். கொட்டலேன்னா நிறுத்திருவேன்.

மேகம் வந்து வாசல்ல படுத்துக்கிற ஒரு மலை ஊர்ல ஒரு புது மருமக இருந்தா. பேரு செங்கமலம். பொறந்தது உடன்குடிப் பக்கம், வெயில் மண்டையப் பொளக்குற ஊரு. கட்டிக்கொடுத்து மலைக்கு அனுப்பும்போது அவங்க அம்மா ஒரு மூட்டை உளுந்தையும் கூடவே ஏத்தி விட்டாங்க. ம்?

அப்புறம் பொங்கல் வந்துச்சு. மகளுக்குப் பொங்கல்படி, அதான் பொங்கல் சீரு, கொண்டுக்கிட்டு அப்பா வர்றாருன்னு சேதி. அந்த மனுசன், மக இந்தக் குளிர்ல என்ன பாடு படுறாளோன்னு தூக்கமே இல்லாம கெடக்குறவரு. வந்து உக்காந்ததும் அம்மா சுடுற மாதிரியே பஞ்சு இட்லி வெச்சுட்டா, மக நல்லாத்தான் இருக்கான்னு நிம்மதியாப் போவாருன்னு செங்கமலத்துக்கு ஆசை.

அதனால அவரு வர்றதுக்கு முன்னாடியே ஒரு தடவை செஞ்சு பாத்துருவோம்னு, அரிசியையும் உளுந்தையும் கடகடன்னு உரல்ல ஆட்டி, கையால கரைச்சு, அம்மா வீட்டுல வைக்கிற மாதிரியே மூடி வெச்சா. விடிஞ்சு பாத்தா மாவு வெச்சது வெச்சபடி கம்முனு கெடக்கு. அதையே ஊத்தினா, இட்லி தட்டுல டொக்குன்னு விழுது. மாமியாருக்கு வாய் கொஞ்சம் துடுக்கு. உனக்குக் கைராசி இல்லன்னு சொல்லிட்டாங்க.

மறுநாள் மறுபடி ஆட்டி, பானையத் தூக்கி அடுப்புத் தணல் மேலயே வெச்சுட்டா. மாவு அடியில வெந்து கஞ்சியாப் போச்சு. வீடெல்லாம் தீஞ்ச வாசம். மாமியார் மறுபடியும் அந்தக் கைராசிப் பாட்டையே பாடினாங்க. ம் சொல்லு.

அப்புறம் மூணாவது தடவை. விடிஞ்சா அப்பா வந்துருவாரு. மாவ ஆட்டிட்டாளே தவிர, என்ன பண்றதுன்னு தெரியல. பானைய மடியில வெச்சுக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதா. ஒடம்பு வெடவெடன்னு ஆடுது. மாமியார் பாத்தாங்க. வந்த நாள்லேர்ந்து இந்தப் புள்ளைக்குக் குளிருமேன்னு ஒரு தடவைகூடத் தோணலையேன்னு அவங்களுக்குச் சுருக்குன்னுச்சு. தன் கம்பளியக் கொண்டுவந்து, புள்ளையையும் பானையையும் சேத்துப் போத்தி விட்டு, பக்கத்துலயே உக்காந்துட்டாங்க.

விடியக்காலம் பானைக்குள்ள ஒரு சத்தம். புளுக்... புளுக்... மாமியார் காத வெச்சுக் கேட்டாங்க.

"உள்ள யாரோ மூச்சு விடுறாங்கடி."

நெசந்தான். உளுந்துல ஒட்டிக்கிட்டு வர்ற உயிருங்க அதுங்க, கண்ணுக்கே தெரியாது. பொங்கின மாவுல ஒரு சொட்டு எடுத்தா, அதுல நம்ம ஊரு சனத்தவிட அதிகமா இருக்கும். மாவத் தின்னுட்டுக் காத்தா விடும். அந்தக் காத்துதான் மாவத் தூக்குது. குளிர்ந்தா சும்மா கெடக்கும், கொதிச்சா செத்துப்போகும். வெதுவெதுன்னு இருந்தாப் போதும், வேற ஒண்ணும் கேக்காது. இத நெனச்சா எனக்கு இப்பவும் புல்லரிக்குது. நாம தூங்குறோம், அடுப்படியில கோடிக்கணக்குல அதுங்க முழிச்சு வேலை பாக்குது.

அப்போ மூடி டங்குன்னு கீழ விழுந்துச்சு. மாவு பொங்கி அந்தக் கம்பளியெல்லாம் வழிஞ்சுது. மாமியார் திட்டவே இல்ல, வாயில கைய வெச்சுக்கிட்டு அப்படியே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

அப்புறம் அப்பா வந்தாரு. கரும்புக் கட்ட எறக்கி வெச்சுட்டு, இட்லியப் பிட்டு வாயில வெச்சவருக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"இந்தக் குளிர்ல எம்மக எப்படி இருக்காளோன்னு பயந்துட்டேன் சம்பந்தியம்மா."

"குளிரத்தான் செஞ்சுது. இப்பதான் போத்தி விட்டிருக்கேன்"னாங்க மாமியார்.

ம்? என்ன, சத்தத்தையே காணோம். பானையும் போத்தியாச்சு, மருமவளையும் போத்தியாச்சு, கதையும் பொங்கி முடிஞ்சுது. தூங்கு. காலையில மூடியத் தொறக்கிறது நீதான்.