பதில் வராத பெயர்

இருட்டிய பிறகு அந்த வீட்டில் ஒரு சத்தம் கேட்டது. கர்... கர்... யாரோ எதையோ தரையில் இழுக்கிற சத்தம்.

குழலிக்கு உயிரே போய்விட்டது. காட்டோரத்து வீடு, நரி நடமாடுகிற இடம். கைக்குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

செம்பாதான். இறந்துபோன மூத்தாள் விட்டுப்போன சின்னப் பெண். முக்காலியைக் கதவடிக்கு இழுத்து, மேலே ஏறி, குழலி போட்டிருந்த தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் குழந்தையோடு மடத்துக்குப் போனாள் குழலி. அங்கே குரு தாயம்மை நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"தாயே, அந்தப் பிள்ளை என்கிட்ட எப்பத்தான் ஒட்டுவா? நான் தாழ் போடப் போட அவ திறந்து வைக்கிறா. பச்சைப்பிள்ளை வச்சிருக்கேன். கண்ணை மூடவே பயமா இருக்கு."

"முன்னே யார் தாழ் போடுவாங்க?"

"அவதான். அந்த வீட்டு வழக்கம் அது. பேசத் தெரிஞ்ச கடைக்குட்டி கதவடியில நின்னு ஒவ்வொருத்தரையா கூப்பிடணும். எல்லாரும் 'உள்ளே'ன்னு சொன்னாத்தான் தாழ். ஆட்டைக்கூட கூப்பிடுவாளாம். அதுக்கு எங்க வீட்டுக்காரர் 'மே'ம்பாராம்."

குரு சிரித்துவிட்டாள். "நல்ல ஆடு. அப்புறம்?"

"அக்கா போனதிலிருந்து கதவைச் சும்மாதான் சாத்துவாங்க. இவன் பிறந்ததும் நான்தான் மறுபடி கூப்பிடச் சொன்னேன். முதல் நாளே 'அம்மா'ன்னா. நான் 'உள்ளே'ன்னுட்டேன். முகம் வெளுத்துப்போச்சு அவளுக்கு. அதோட அதை விட்டுட்டேன்."

"அவ கூப்பிட்டது யாரை?"

குழலி குழந்தையின் தலையைத் தடவினாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் குரு வீட்டுக்கு வந்தாள். கஞ்சி வாங்கிக் குடித்தாள்.

"செம்பா, இந்த வீட்டுல பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களாமே. நானும் கேட்கணும்."

செம்பா முறைத்தாள். பிறகு போய்க் கதவடியில் நின்றாள்.

"அப்பா?"

"உள்ளே" என்றான் மாடசாமி.

"கருப்பி?"

"மே."

"ஆடு கிழமாயிட்டுது" என்றாள் குரு. செம்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"தம்பி?"

விரல் சூப்பிக்கொண்டே அவன் 'ங்கா' என்றான்.

"அம்மா?"

குழலிக்கு 'உள்ளே' வாய்வரை வந்துவிட்டது. குரு அவள் கையை அழுத்திப் பிடித்தாள்.

மாடசாமி தரையைப் பார்த்தான்.

செம்பாவின் உதடு பிதுங்கியது. "பதிலே வரலையே. இப்பத் தாழ் போட்டா அம்மா வெளியதானே நிப்பா?"

குரு எழுந்தாள். தான் கொண்டுவந்த அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். வேலி வரைக்கும் போனாள். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"வெளியே யாரும் நிக்கலை, கண்ணு" என்றாள். "நாளைக்கும் கூப்பிடு."

விளக்கோடு மடத்துப் பக்கம் நடந்தாள்.

செம்பா வெளிச்சம் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே திரும்பினாள்.

"சித்தி?"

குழலி குழந்தையை இறுக்கிக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"சித்தீ! உள்ளேயா, வெளியேயா?"

"உள்ளே... உள்ளேதான்டா."

செம்பா கதவைச் சாத்தி, இரண்டு கையையும் மேலே நீட்டினாள்.

"எட்டலை. தூக்கு."

குழந்தையை மாடசாமியிடம் கொடுத்துவிட்டுக் குழலி அவளைத் தூக்கினாள். செம்பா தாழ்ப்பாளைப் போட்டாள்.