வெளுத்துப் போன கருங்குதிரை

முன்னொரு காலத்தில், குதிரைக்குக் கிடைத்த மரியாதை குதிரைக்காரனுக்குக் கிடைக்காத ஒரு நாட்டில், மன்னருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. முடிசூடிய ஆண்டில் வாங்கிய கருங்குதிரையில் ஏறி ஊர்வலம் போக வேண்டுமாம். இலாயக்காரன் இருளப்பன் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினான். அது பாலாக வெளுத்திருந்தது.

படைத்தலைவர் விருத்தகிரியார் இலாய ஏட்டைப் பிரித்தார்.

"நிறம் கறுப்பு என்றிருக்கிறது, அரசே. நல்ல குதிரையை விற்றுவிட்டு ஏதோ ஒரு கிழட்டுக் குதிரையைக் கட்டிவைத்திருக்கிறான்."

இருளப்பன், விகடகவி கொழுந்தப்பனின் மைத்துனன். கொழுந்தப்பன்மேல் இருந்த பொறாமையைத் தீர்த்துக்கொள்ள விருத்தகிரியாருக்கு அது போதும்.

"சாமி, சத்தியமா அதே குதிரைதானுங்க! குட்டியில கறுப்பு, வயசாக ஆக வெளுத்துடுச்சுங்க!" என்று கதறினான் இருளப்பன்.

யார் கேட்டார்கள்? "ஏட்டில் உள்ள நிறம் இல்லையென்றால் ஆள்மாறாட்டம்தான். மாலைக்குள் இவன் தலையை வெட்டுங்கள்" என்றார் மன்னர்.

கொழுந்தப்பனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குதிரையை விற்ற சீமை வணிகன் அன்றே சொன்னானே! அவன் ஊரில் குதிரை நிறத்துக்கு மட்டும் ஒரு கூடைச் சொற்கள். இதை 'லயர்டு' என்றான், போகப் போக வெளுக்கும் சாம்பல் நிறமாம். வாயில் நுழையாத சொல் எதற்கு என்று 'கறுப்பு' என்று கிறுக்கியவர் இதே விருத்தகிரியார்தான். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு ஓர் உயிர் போவதா?

விறுவிறுவென்று சிங்காதனத்தின் முன்னால் போய் நின்றான். வணங்கவில்லை.

"காவலர்களே! அங்கே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பிடியுங்கள்!"

"என்ன திமிர் உனக்கு!" என்று மன்னர் எழுந்தார்.

"முடிசூட்டு ஏட்டில் மன்னரின் தலைமுடி கறுப்பு என்று எழுதியிருக்கிறது. இங்கே இருப்பதோ வெள்ளைத் தலை. சொல்லும், எங்கள் மன்னரை எந்தச் சந்தையில் விற்றீர்?"

மன்னரின் கை தானாகத் தலைக்குப் போனது. "வயதானால் வெளுக்காதா?"

"வெளுக்கும், அரசே. இருளப்பனும் அதைத்தான் சொன்னான்."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொழுந்தப்பன் சிரிக்கவில்லை.

"அவனை அவிழ்த்து விடுங்கள். குதிரையை உனக்கே பரிசளித்தேன்" என்றார் மன்னர்.

"எனக்கு வேண்டாம். சாக இருந்தவன் அவன், அவனுக்குக் கொடுங்கள்."

மன்னர் சம்மதித்து, ஏட்டைத் திருத்தும்படி விருத்தகிரியாரிடமே எழுத்தாணியை நீட்டினார். "நிறம் என்னவென்று எழுதுவது?" என்று முனகினார் அவர்.

"நிறமே வேண்டாம்" என்றான் கொழுந்தப்பன். "'இருளப்பனுடையது' என்று எழுதும். அது வெளுக்காது."