வராத யானைகளுக்குக் கவளம்

கேழ்வரகுக் களியை இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டிருந்தாள் வெயிலாள். தேங்காய் பெரிசுக்கு ஒரு உருண்டை. அதே பெரிசுக்கு இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. மூன்றையும் மூன்று கட்டுத்தறிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒவ்வொரு யானையையும் மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

“கார்மேகம், கார்மேகம், கார்மேகம்.”

“சோலைமணி, சோலைமணி, சோலைமணி.”

“மலைக்கொழுந்து, மலைக்கொழுந்து, மலைக்கொழுந்து.”

ஒரு யானையும் வரவில்லை. காக்காய்தான் வந்தது.

இது நடந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அப்போது பாத்திரங்களுக்கு வாய் இருந்தது. ராஜாக்களுக்குத்தான் காது இல்லை. முத்தாற்றங்கரை ராஜாவுக்கு மூன்று யானைகள் இருந்தன. ஆற்றோரத்து மேட்டில், பன்னிரண்டு கல்தூண் வைத்துக் கட்டிய பெரிய கொட்டில் அவைகளுக்கு. அங்கே கவளம் உருட்டுகிற வேலை வெயிலாளுக்கு. பேர் சொல்லி மூன்று முறை கூப்பிட்டால்தான் யானை கவளத்தைத் தொடும். அது அந்தக் கொட்டில் வழக்கம்.

ஒருநாள் சுருளிநாதன் என்று ஒரு மந்திரவாதி அரண்மனைக்கு வந்தான். மரத்தில் மூன்று யானை செய்து, மந்திரம் சொல்லி நடக்க வைத்தான்.

“மகாராஜா, இதுகளுக்குத் தீனி வேண்டாம், தண்ணி வேண்டாம், பாகன் வேண்டாம்” என்றான்.

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். உயிருள்ள யானைகளைக் காட்டுக்குத் துரத்தச் சொல்லிவிட்டார். சபையில் எல்லாரும் கைதட்டினார்கள். வெயிலாள் மட்டும் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, வாய் தவறி, “கூப்பிட்டா அது திரும்பிப் பார்க்குமா?” என்று கேட்டுவிட்டாள். கேட்டது மெதுவாகத்தான். ஆனாலும் சபை சிரித்துவிட்டது.

மந்திரவாதிக்கு மூக்கு சிவந்தது.

“உன் வேலை முடிஞ்சது. வேலை முடிஞ்சவளுக்குப் பேர் எதுக்கு? உன் பேரை ஊர் நாக்கிலேயிருந்து பிடுங்கிட்டேன். ஏழு வருஷம் ஒருத்தரும் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடலேன்னா, அந்தக் கொட்டிலுக்கு நீ பதின்மூணாவது தூண்.”

அவ்வளவுதான். எல்லாருக்கும் அவள் பேர் மறந்துபோனது. பேர் மறந்ததும் ஆளும் மறந்துபோனது. எதிரே வந்தால் ஒதுங்கிப் போனார்கள், வழியில் கிடக்கிற கல்லுக்கு ஒதுங்குகிற மாதிரி. அவளே தன் பேரைச் சொன்னாலும் வாயிலிருந்து வெறும் காற்றுத்தான் வந்தது.

முதல் வருஷம் கால்விரல் கல்லானது. மூன்றாம் வருஷம் கணுக்கால். ஆறாம் வருஷம் முழங்கால். கல்லுக் காலை இழுத்து இழுத்து நடப்பாள். கொட்டிலுக்குப் பின்னால் கேழ்வரகு விதைப்பாள், அறுப்பாள், கிண்டுவாள், உருட்டுவாள், கூப்பிடுவாள். வேறு வேலை அவளுக்குத் தெரியாது.

பேச்சுத் துணைக்கு அண்டா இருந்தது. யானைக்குச் சோறு வடித்த செப்பு அண்டா. உள்ளே ஐந்து பேர் உட்காரலாம், அவ்வளவு பெரிசு. அதற்கு நாக்கு மட்டும் கொஞ்சம் துடுக்கு.

“ஏ புள்ளே, இத்தினி களியைக் கிண்ட எனக்குள்ள ஒரு மூலை போதும். மிச்ச வயிறு காத்தாடுது.”

“யானை வந்துட்டா நிறைய வடிப்பேன், அண்டாண்ணே.”

“வரும் வரும். காக்காய்க்குத் தும்பிக்கை முளைச்சதும் வரும்.”

“என் பேர் திரும்பி வர ஒரு வழியும் இல்லையா?”

“எத்தனை தடவை சொல்றது? உன் பேர் யாருக்காவது நெசமா வேணும்னு ஆகணும். வேணும்னா அதுவே நாக்கிலே வந்து உட்காரும். நீ இப்ப யாருக்கு வேணும், காக்காயைத் தவிர?”

வெயிலாள் அடுத்த உருண்டையை உருட்டினாள். அண்டாவிடம் சொல்ல வந்ததையெல்லாம் நிதானமாக, கடைசி வார்த்தை வரைக்கும் அவளால் சொல்ல முடிந்தது. ஏழு வருஷமாக அவள் பேச்சுக்கு நடுவில் யாரும் குறுக்கிட்டதில்லை. வாசல் பக்கம் சத்தம் கேட்டால் பாதியில் நிறுத்திக் காது கொடுப்பாள். காற்றாக இருக்கும். அப்புறம் விட்ட இடத்திலிருந்து சொல்லி முடிப்பாள்.

ஏழு வருஷம் முடிகிற நாளும் வந்தது. அன்றைக்குப் பார்த்து முத்தாற்றில் வெள்ளம் வந்தது. பொழுது விடியும்போது கணுக்கால் தண்ணீர். வெயில் ஏறும்போது கூரைத் தண்ணீர். கீழ்க்கரையில் செங்கல் அறுக்கிற சனங்கள், பெண்களும் குழந்தைகளுமாகச் சூளை உச்சியில் ஏறி நின்று கத்தினார்கள். சூளையைச் சுற்றித் தண்ணீர் சுழித்து ஓடியது.

வெயிலாள் மேட்டிலிருந்து பார்த்தாள். யானை இருந்தால் போய் ஏற்றிக்கொண்டு வந்துவிடும். கட்டுத்தறியைப் பார்த்தாள். அண்டாவைப் பார்த்தாள். போய் அதைச் சரிவில் உருட்ட ஆரம்பித்தாள்.

“ஏ, ஏ, எங்கே தள்றே?”

“ஆத்துக்கு.”

“நான் சோறு வடிக்கிற பாத்திரம். எனக்கு நீச்சல் தெரியாது.”

“பழைய வேலை போச்சுன்னா போகட்டும், அண்டாண்ணே. நீ போயிடலையே.”

அப்புறம் அண்டா தானாகவே உருண்டது.

கொட்டில் மூலையில் யானைச் சங்கிலி சுருண்டு கிடந்தது. துரு ஏறியிருந்தது. தொட்டதும் முனகியது. “கட்டிப்போட யானை இல்லை. என்னை ஏன் எழுப்பறே?”

“பழைய வேலை போச்சுன்னா போகட்டும். நீ போயிடலையே” என்று சொல்லி அதை இழுத்தாள் வெயிலாள். ஒரு முனையை அண்டாவின் காதில் பூட்டினாள். மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள்.

வெள்ளம் அவள்மேல் மோதியது. வேறு யாராக இருந்தாலும் அடித்துக்கொண்டு போயிருக்கும். கல்லுக் கால் இரண்டும் ஆற்று மண்ணில் ஊன்றிக்கொண்டு அசையவில்லை. சாபம் கொடுத்த கல்லுக்கும் அன்றைக்கு ஒரு வேலை கிடைத்தது.

சங்கிலியை விட்டாள். அண்டா ஆடி ஆடிச் சூளைக்குப் போனது. இழுத்தாள். நான்கு குழந்தைகள் வந்தன. கல் தொடைக்கு ஏறியது.

மறுபடி விட்டாள். இழுத்தாள். மூன்று பெண்களும் ஒரு கைக்குழந்தையும் வந்தார்கள். கைக்குழந்தைக்காரி பேர் குருவம்மா. இறங்கினதும், “நல்லா இருப்பே தாயி. உன் பேரென்ன?” என்று கேட்டாள். வெயிலாள் வாயைத் திறந்தாள். காற்று வந்தது.

“பேரைக் கேட்டா அடுப்பு ஊதறாளே” என்றாள் குருவம்மா, நடுங்கிக்கொண்டே.

கல் இடுப்புக்கு ஏறியது. பொழுது மேற்கே சாய்ந்தது.

“முடிஞ்சுதா?” என்று கேட்டாள் வெயிலாள்.

அண்டா கொஞ்சம் தயங்கியது. “இன்னும் ஒருத்தன் மரத்தும்பிக்கை ஒண்ணைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அங்கே ஒதுங்கியிருக்கான். மரயானை மூணும் வெள்ளத்திலே போயிடுச்சு. யாருன்னு தெரியுதா? பேசாம விட்டுடு, புள்ளே.”

வெயிலாளுக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். யாருமே இல்லாமல் ஒரு இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சங்கிலியை விட்டாள்.

மூன்றாவது முறை இழுத்தபோது சுருளிநாதன் வந்தான். தாடியெல்லாம் சேறு.

“மரயானை போனதும் ராஜா துரத்திட்டார். ஊர்லே ஒருத்தருக்கும் என் பேர் வரலை. என் மந்திரம் என்னையே பிடிச்சுக்கிச்சு. வேலை முடிஞ்சவனுக்கு...” என்று அழுதான்.

“பழைய வேலை போச்சுன்னா போகட்டும். நீ போயிடலையே. கொட்டில்லே போய்ச் சங்கிலிக்கு ஒரு சேலையைக் கட்டித் தூளி போடு. குருவம்மா பிள்ளையை ஆட்டு.”

அவன் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டு உள்ளே ஓடினான். வெயிலாள் கரை ஏறி, நகர்ந்து நகர்ந்து வாசல் வரை வந்தாள். அதற்குமேல் முடியவில்லை. கல் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. வாசலில், தூணுக்குப் பக்கத்தில் இன்னொரு தூண் மாதிரி நின்றாள். பொழுது ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த அண்டா மெல்லக் கேட்டது. “மூணு பேருக்குச் சொன்னியே. உனக்கு ஒரு தடவை சொல்லிக்கிட்டியா?”

வெயிலாள் யோசித்தாள். கல் கழுத்துக்கு வந்தது.

உள்ளே குருவம்மாவும் மற்றவர்களும் ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மந்திரவாதி தூளி ஆட்டினான். பிள்ளை வீரிட்டது. வேகமாக ஆட்டினான். இன்னும் வீரிட்டது. அவனுக்குத் தெரிந்த ஆயிரம் மந்திரத்தில் பிள்ளை அழுகைக்கு ஒன்றும் இல்லை. பயந்துபோனான். யார் முகம் மனசில் வந்ததோ, யோசிக்காமல் வாசலைப் பார்த்துக் கத்தினான்.

“ஏ வெயிலாளே, பிள்ளை அழுவுது. சீக்கிரம் வா.”

சொன்னபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

கடைசி வெயில் ஆற்றின்மேல் இருக்கும்போதே கல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கழுத்து, நெஞ்சு, இடுப்பு, முழங்கால், கால்விரல். ஏழு வருஷத்தில் முதல் முறையாக வெயிலாள் ஓடினாள். பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டாள். அது ஒரு விக்கல் விக்கிவிட்டு அடங்கியது.

“வெயிலாளா, நம்ம வெயிலாளா?” என்று குருவம்மா பக்கத்தில் வந்து முகத்தைப் பார்த்தாள். “அரண்மனைச் சுவருக்குக் கல் சுமக்கையிலே எனக்கு ஒரு உருண்டை கொடுத்தியே, அந்த வெயிலாளா?”

தண்ணீர் வடிந்ததும் ராஜாவே வந்து தலைகுனிந்து நின்றார். என்ன வேண்டும் என்று கேட்டார். கொட்டிலைக் கேட்டாள். கொடுத்தார். கரை ஒதுங்கின மரயானைகளைப் பிளந்து கதவும் கட்டிலும் செய்தார்கள். பன்னிரண்டு தூணுக்கு நடுவில் யானைச் சங்கிலியில் தூளிகள் தொங்கின. செங்கல் அறுக்கப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போனார்கள். தூளி ஆட்டுகிற வேலை சுருளிநாதனுக்கு. பிள்ளைகள் அவனைச் சுருளி மாமா என்று கூப்பிட்டன. மந்திரத்தால் வராத பேர் அப்படி வந்தது.

யானைகள் வரவேயில்லை. அது அப்படித்தான். சில நாள் மத்தியானம், தூளியெல்லாம் தூங்கும்போது, வெயிலாள் கட்டுத்தறிப் பக்கம் போய் நின்றுவிட்டு வருவாள்.

இப்போது அவள் உருட்டுகிற கவளம் நெல்லிக்காய் பெரிசுதான். ஆனால் எண்ணிக்கை அதிகம். ஒருநாள் உருட்டிக்கொண்டே சொன்னாள்.

“அண்டாண்ணே, அந்த ஏழு வருஷமும் எனக்குள்ளே ஒரே ஆசைதான் இருந்துச்சு. உன்கிட்டேகூடச் சொன்னதில்லை. நான் இப்படி உக்காந்து பேசிக்கிட்டு இருக்கணும், பேச்சு முடியறதுக்குள்ளே யாராவது ஒருத்தர் வந்து என்னை...”

“வெயிலக்கா, இங்கே வாயேன்.”