ஒற்றைக்கண் ஓணானும் தவிட்டுக்குருவிகளும்

அந்தக் காலத்தில், பறவைக்கும் புழுவுக்கும் பேச்சுவார்த்தை இருந்தபோது, ஒரு புங்கமரத்தில் நெளியன் என்றொரு புழு வாழ்ந்தான். இலையின் மேல்தோலை அரித்துத் தின்றே படம் வரைவான். தின்ற இடம் வெளுக்கும். தின்னாத இடம் பச்சையாக நிற்கும். ஓர் இலையில் வரிசையாகச் சில படங்கள், அடுத்த இலையில் கதை தொடரும். ஒற்றைக்கண் ஓணான் என்ற வீரனின் கதை அது. பாம்பை எதிர்ப்பான், பருந்தை ஏமாற்றுவான், எந்த இக்கட்டிலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு அசராமல் நிற்பான்.

வரைந்து முடிந்த இலை பழுத்து விழுவதற்காகத் தவிட்டுக்குருவிகள் கீழே காத்துக் கிடக்கும். புழுவைக் கண்டால் விடாத கூட்டம்தான். ஆனாலும் நெளியனை மட்டும் தொடுவதில்லை. அவனைத் தின்றுவிட்டால் அடுத்த இலையை யார் வரைவது?

அந்தக் கூட்டத்தில் மூத்தவள் வெள்ளைக்கண்ணி. நெளியனின் கதை என்றால் அவளுக்கு உயிர். அதற்காக அவன் வரைந்ததையெல்லாம் தலையில் தூக்கி வைத்து ஆடமாட்டாள். ஆரம்பத்தில் சொதப்பினான், போகப் போகத் தேறினான் என்பது அவள் கட்சி. அவள் தம்பி கட்டைவாலனுக்கோ நெளியன் முதல் இலையிலிருந்தே மேதை. இரண்டு பேருக்கும் பொழுது விடிந்தால் இதே வேலை.

ஒருநாள் சண்டை ஓணானின் கண்ணில் வந்து நின்றது.

"முதல் இலையில இடக்கண்ணு இல்ல. இப்போ வர்ற இலையிலெல்லாம் வலக்கண்ணு இல்ல. ஆரம்பத்துல கவனிக்காம வரைஞ்சுட்டாருடா," என்றாள் வெள்ளைக்கண்ணி.

"உனக்கு என்னக்கா தெரியும்? அது வேற ஓணான். இவனோட கூடப் பிறந்த இரட்டை. கடைசியில ரெண்டு பேரும் ஒண்ணு சேருவாங்க பாரு."

"அப்படின்னு எந்த இலையில இருக்கு?"

"எல்லாத்தையும் வரைஞ்சு காட்டிட்டா அது என்ன கதை? நாமதான் புரிஞ்சுக்கணும்."

மற்ற குருவிகள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டு கத்தின. மைனாக்களும் அணில்களும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டன. வெள்ளைக்கண்ணிக்குப் பொறுக்கவில்லை. சருகுக் குவியலைக் கிளறி, வெகுநாளாக யாரும் பார்க்காத அந்த முதல் இலையைக் கண்டுபிடித்தாள். அலகில் கவ்விக்கொண்டு நேரே நெளியனின் கிளைக்குப் பறந்தாள். கூட்டமும் பின்னாலேயே போனது.

நெளியன் அப்போது புது இலையில் பாதி வந்திருந்தான். ஓணான் ஒற்றைக் கையால் கிளையைப் பிடித்துத் தொங்குகிறான், கீழே பாம்பு வாயைப் பிளந்திருக்கிறது, பிடி நழுவுகிறது. அதற்கு மேல் வெறும் பச்சை.

"அண்ணே, இதைப் பாருங்க," என்று பழைய இலையை எல்லார் முன்னாலும் வைத்தாள் வெள்ளைக்கண்ணி. "கோடெல்லாம் கோணல், பாம்பு பாம்பாவே இல்ல, கண்ணு மாறிக் கிடக்கு. இப்படி இருந்த நீங்க இப்போ எங்கேயோ போயிட்டீங்க! அதைத்தான் இவன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்றேன், கேக்க மாட்டேங்கறான்."

அவள் பாராட்டத்தான் சொன்னாள்.

நெளியன் அந்த இலையை வெகுநேரம் பார்த்தான். "நீங்கதான் பெருசா நினைச்சுட்டீங்க, தாயி," என்றான் மெதுவாக. "அவனை ஒற்றைக்கண்ணனா வரையணும்னு நான் நினைக்கவே இல்ல. அன்னிக்கு நல்ல பசி. கண்ணுக்குன்னு விட்டு வச்ச இடத்தையும் சேர்த்துத் தின்னுட்டேன். அப்புறம் அது எந்தக் கண்ணுன்னு மறந்துபோச்சு."

மரமே கொல்லென்று சிரித்தது. வெள்ளைக்கண்ணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கட்டைவாலன் மட்டும் சிரிக்கவில்லை.

"சும்மா சொல்றாரு," என்றான். "அடக்கம்."

நெளியன் உடம்பைச் சுருக்கிக்கொண்டு ஒரு பொட்டாகிவிட்டான். அதைப் பார்த்ததும்தான் வெள்ளைக்கண்ணியின் சிரிப்பு நின்றது. இத்தனை பேர் நடுவில் இந்த இலையைக் கொண்டுவந்திருக்கக் கூடாது என்று அவளுக்கு உறைத்தது. வெட்கத்தோடு அதை இறக்கைக்கு அடியில் மறைத்தாள்.

"இனிமே நான் வரையறதை யாரும் பார்க்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டு நெளியன் இலையின் மேல்தோலுக்கு அடியில் நுழைந்துகொண்டான்.

"தப்புதான் அண்ணே, வெளிய வாங்க! சரி, வர வேண்டாம். ஓணான் பிழைச்சானா இல்லையா, அதை மட்டும் சொல்லிடுங்க!" என்று கெஞ்சினாள் வெள்ளைக்கண்ணி.

உள்ளே அரிக்கும் சத்தம்தான் கேட்டது.

அந்த இலை விழுந்தபோது முதலில் பாய்ந்தவள் வெள்ளைக்கண்ணிதான். தோலுக்குள் நெருக்கிக்கொண்டு வரைந்ததில், ஓணான் தொங்கிய இடத்துக்கு அப்புறம் படம் எதுவும் தேறவில்லை. ஒரே ஒரு வெள்ளைக்கோடு வளைந்து வளைந்து மீதி இலை முழுக்க ஓடியது. கோட்டின் முடிவில் ஒரு சின்ன ஓட்டை. நெளியன் அந்துப்பூச்சியாகிப் பறந்துபோயிருந்தான்.

"பாம்பு முழுங்கிருச்சு. இது பாம்பு போன தடம்," என்றாள் வெள்ளைக்கண்ணி, அழாத குறையாக.

"இல்லக்கா, ஓணான் தப்பிச்சு ஓடின பாதை. இந்த இலையிலதான் அண்ணன் உச்சத்துக்குப் போயிருக்காரு!"

"மீதிக் கதை வேற இலையில இருக்கும், தேடுங்க," என்றது இன்னொரு குருவி.

அன்று முதல்தான் நெளியன் வம்சத்துப் புழுக்கள் இலைத்தோலுக்குள் ஒளிந்துகொண்டு கோடு இழுக்கின்றன. அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகளும் மரத்தடியில் கூட்டமாக இறங்கி ஒவ்வொரு சருகாகப் புரட்டுகின்றன. ஓணான் பிழைத்தானா என்று இன்னும் தெரியாததால், புரட்டும்போதே சண்டையும் போடுகின்றன.