தண்ணி லாரியில் ஏறிய கான்ட்ராக்டர்

விமானம் இறங்கும் புது ஓடுதளத்தைப் போட்டு முடித்த கான்ட்ராக்டர் தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே பெருக்குகிற செங்கமலமோ, "சில எடத்துல அடியில ஜல்லியே போடலைங்க" என்று விமான நிலைய மேனேஜரிடம் சொல்லிவிட்டாள்.

"துடைப்பம் பிடிக்கிறவ எனக்குச் சொல்றியா? தளத்துல ஒரு கீறல் விழாம நிரூபி. முடியலைன்னா இன்னையோட உனக்கு வேலை இல்ல!" என்று கத்தினார் தணிகாசலம். மேனேஜரும் தலையாட்டினார்.

"சரிங்கய்யா. தண்ணி லாரி நெறஞ்சு நிக்குது. டிரைவர் பக்கத்துல ஒக்காந்து, நட்ட நடுவுல நேராப் போய்ட்டு வாங்க. அது போதும்" என்றாள் செங்கமலம்.

மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். லாரி கொஞ்ச தூரம்தான் போனது.

"டேய், ஒதுங்கிப் போடா! உள்ள எறங்கிடும்டா!" என்று டிரைவரிடம் அலறினார் தணிகாசலம்.

லாரி வளைந்தது. இன்னும் கொஞ்சம் போனதும் மறுபடி அலறல், மறுபடி வளைவு.

செங்கமலம் சுண்ணாம்பை எடுத்துப் போய், லாரி ஒதுங்கிய இடத்திலெல்லாம் வட்டம் போட்டாள். "ஒரு கீறலும் விழலைங்க" என்றாள்.

"நாளைக்கும் வேலைக்கு வந்துடும்மா" என்றார் மேனேஜர்.

தளத்தின் கடைசியில் லாரி நின்றது. "திரும்பலாங்களா?" என்று டிரைவர் கேட்டான்.

"நான் நடந்தே வர்றேன்" என்று இறங்கிய தணிகாசலம், தளத்தில் கால் வைக்காமல் புல்வெளியிலேயே நடந்து வந்தார்.