கயிற்றை விடாத கை

ராசாக்களின் மார்பில் முத்துமாலையும், அந்த முத்தை எடுக்கக் கடலில் இறங்குகிறவன் மார்பில் செபமாலையும் தொங்கிய காலம் அது. கடலோரத்து ஊர் ஒன்றில் இஞ்ஞாசி என்றொருவன் இருந்தான். அவனுக்கு முத்துக் குளிக்கத் தெரியாது. தோணியில் நின்று கயிறு பிடிப்பதுதான் அவன் வேலை.

கயிறு பிடிப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டுவிடாதீர்கள். கீழே போனவனுக்கு மூச்சு முட்டினால் கயிற்றைச் சுண்டுவான். அந்த நொடியே மேலே இழுக்க வேண்டும். அதனால் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் கையில்தான் கயிற்றைக் கொடுப்பார்கள். தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணன் விடுவான்? அந்தத் தை மாதந்தான் இஞ்ஞாசியின் தங்கைக்கும் பஸ்தியானுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை கீழே போனான். இஞ்ஞாசி மேலே நின்றான்.

தோணி ஊர்த் தலைவர் தொம்மை பட்டங்கட்டியுடையது. மனிதர் பக்திமான், அதில் குறை சொல்ல முடியாது. உச்சிவேளையானால் தோணியில் தொங்கும் மணியை அவரே அடிப்பார். எல்லாரும் முழங்காலில் நின்று, கண்மூடி, கைகூப்பி, மாதாவை நோக்கி மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்ல வேண்டும். கயிறு பிடிக்கிறவர்கள் கயிற்றைத் தோணி விளிம்பில் கட்டிவிட்டுக் கைகூப்புவார்கள். மூன்று மந்திரம் சொல்கிற நேரந்தானே, என்ன ஆகிவிடப்போகிறது என்ற நினைப்பு. கடலுக்கடியில் மணி கேட்காது என்று ஒரு புத்திசாலிக்கும் தோன்றவில்லை, பாருங்கள்.

அந்த வருஷக் குளிப்பின் முதல் நாள் மணி அடித்தது. எல்லாரும் முழங்காலிட்டார்கள். இஞ்ஞாசி கயிற்றைப் பிடித்தபடி நின்றான். பட்டங்கட்டி முறைத்தார்.

இரண்டாம் நாளும் மணி அடித்தது. இஞ்ஞாசி அப்படியே நின்றான்.

"சர்வேசுரனை விட உனக்குக் கயிறு பெரிசாப் போச்சா?" என்றார் பட்டங்கட்டி.

"இல்லைங்க" என்றான். கயிற்றை மட்டும் விடவில்லை.

அன்று சாயங்காலம் கோவிலில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வாசலில் பட்டங்கட்டி கறாராகச் சொன்னார்: "நாளைக்கும் நீ கைகூப்பலைன்னா கயிறு வேற ஆள் கைக்குப் போயிரும்."

இஞ்ஞாசிக்கு அழுகை வந்தது. வேறு ஆள் என்றால் மணியடித்ததும் கயிற்றை விளிம்பில் கட்டுவான். அப்புறம் மாப்பிள்ளை உயிருக்கு யார் பொறுப்பு? பீடத்துக்கு முன்னால் போய் முழங்காலில் நின்றான். "ஆண்டவரே, இந்தக் கை நீர் தந்தது. என் கையில் கயிறு இருக்கிற மட்டும் இப்படித்தான் உம்மைக் கும்பிடுவேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான்.

மூன்றாம் நாள் பஸ்தியானும் பட்டங்கட்டியின் மகன் சவேரியும் கீழே இருந்தார்கள். மணி அடித்தது. சவேரியின் மச்சான் பட்டங்கட்டிக்குப் பயந்து கயிற்றைக் கட்டிவிட்டுக் கைகூப்பினான். இஞ்ஞாசி நின்றான்.

முதல் மந்திரம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவது பாதியில், விளிம்பில் கட்டிய கயிறு வெடுக்கென்று ஆடியது. மறுபடியும் ஆடியது.

"சவேரி கயிறு ஆடுது!" என்று கத்தினான் இஞ்ஞாசி. செபத்தைக் கெடுக்கிறான் என்று நினைத்து ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. அவன் தன் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, சவேரியின் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்தான். உதடு நீலம் பாரித்துச் சவேரி மேலே வந்தான். குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். வாயிலிருந்து உப்புத்தண்ணீர் கொட்டியது. அப்புறம் மூச்சு வந்தது. அதற்குள் இஞ்ஞாசி பஸ்தியானையும் மேலே ஏற்றியிருந்தான்.

பட்டங்கட்டி தன் மகன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு இஞ்ஞாசியிடம் கேட்டார்: "நாங்க மூணு மந்திரம் சொன்னோம். நீ மூணு நாளா என்னடா சொன்னே?"

"அதே மூணுதாங்க. கை மட்டும் வேற எடத்துல இருந்துச்சு."

சவேரி உடம்பு தேறி மறுபடி கடலில் இறங்கினான். அன்று பட்டங்கட்டி மணியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, சவேரியின் மச்சானோடு சேர்ந்து மகனுடைய கயிற்றைப் பிடித்து நின்றார். மணி அடித்தது. எல்லார் வாயிலும் மந்திரம், எல்லார் கண்ணும் தண்ணீரில். ஒரு கயிறும் விளிம்பில் கட்டப்படவில்லை.

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: ஆண்டவர் நம்மை நம்பிக் கொடுத்த வேலையை அவருக்கென்று மனசாரச் செய்வதும் அவருக்குச் செய்கிற ஆராதனைதான்.